ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா போதும்: ஆலன் ப்ளம்லைன்



டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபையர் எக்ஸ்பெரிமென்ட் ஞாபகம் இருக்கா? ரெண்டு டிரான்சிஸ்டர், ரெண்டு கலெக்டர் ரெசிஸ்டர், ரெண்டு எமிட்டரையும் சேர்த்துக் கட்டி கீழே ஒரே ஒரு ரெசிஸ்டர். ரெண்டு இன்புட்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுத்து, ரெண்டு கலெக்டருக்கும் நடுவில் அளந்தால் பூஜ்யம் வரணும். தியரி அப்படித்தான் சொல்லுது. எங்க பேட்சில் யாருக்குமே பூஜ்யம் வரலை.

சர்க்யூட்டை மூணு தடவை பிரிச்சுப் போட்டோம். பிரெட்போர்டைத் திட்டினோம், சி.ஆர்.ஓ. புரோபைத் திட்டினோம். கடைசியில் லேப் அண்ணா வந்து ரெண்டு கலெக்டர் ரெசிஸ்டரையும் கழற்றி மல்டிமீட்டரில் வெச்சுக் காட்டினார். ரெண்டுமே 4.7 கிலோ ஓம், ரெண்டிலும் தங்க நிறப் பட்டை. ஆனா ஒண்ணு 4.52, இன்னொண்ணு 4.89. ரெண்டும் ஐந்து சதவீத எல்லைக்குள்தான் இருக்கு, கடைக்காரர் மேல் குறை சொல்ல முடியாது. தனித்தனியா பார்த்தா ரெண்டும் சரி, ஜோடியா பார்த்தாத்தான் தப்பு.

அந்த சர்க்யூட்டை, டிரான்சிஸ்டர் பிறக்கிறதுக்கு முன்னாடியே வால்வை வைத்து யோசிச்சவர் ஒருத்தர் இருக்கார். நம்ம ஹெட்போனில் இடது, வலதுன்னு ரெண்டு காதுக்கும் தனித்தனியா பாட்டு வருதே, அதுக்கும் அவர்தான் வழி போட்டார். 38 வயசு வரைக்கும்தான் வாழ்ந்தார். அதுக்குள் 128 பேடன்ட். பேர் ஆலன் டவர் ப்ளம்லைன்.

காலிங் பெல் ரிப்பேர்

1903 ஜூன் 29, லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். அப்பா ஜெர்மனியில் பிறந்து பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவர். அம்மா, தென்னாப்பிரிக்காவில் ஊழியம் செய்த ஒரு ஸ்காட்டிஷ் மிஷனரியின் மகள்.

ஏழு வயசில் வீட்டு காலிங் பெல்லைச் சரி பண்ணிட்டு, அப்பாவுக்கு முறையா ஒரு பில் எழுதிக் கொடுத்தானாம் பையன். கீழே தன் பேர், பக்கத்தில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்னு பட்டம் வேற! இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியமா இருக்கும். பன்னிரண்டு வயசு வரைக்கும் அவருக்குச் சரளமா படிக்கத் தெரியாதுன்னு அவரோட அக்கா சொல்லியிருக்கார். அவர் அதை மறுக்கவே இல்லை. படிக்கத்தான் வராதே தவிர, இருபடிச் சமன்பாடு நிறையத் தெரியும்னு பதில் சொன்னாராம்.

ஹைகேட் பள்ளியில் படிப்பை முடித்து, ஸ்காலர்ஷிப்பில் லண்டன் சிட்டி அண்ட் கில்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். ரெண்டே வருஷத்தில், 1923-ல், முதல் வகுப்பில் பட்டம். அரியர் லிஸ்ட்டில் பேர் தேடுகிற நாம இந்த வரியை வேகமா தாண்டிப் போயிடலாம்.

டெலிபோன் கேபிளில் கற்ற பாடம்

1924-ல் இன்டர்நேஷனல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை. பின்னால் ஸ்டாண்டர்டு டெலிபோன்ஸ் அண்ட் கேபிள்ஸ்னு பேர் மாறின நிறுவனம் அது. அங்கே அவர் கையில் வந்தது நீண்டதூர டெலிபோன் கேபிள் பிரச்சினை.

ஒரு கேபிளுக்குள் பல ஜோடிக் கம்பிகள் ஓடும். ஒரு ஜோடியின் ரெண்டு கம்பிகளுக்கும், பக்கத்து ஜோடியோடு இருக்கும் கெப்பாசிட்டன்ஸ் ஒரே அளவாக இருந்தால் பக்கத்துப் பேச்சு ரெண்டிலும் சமமா ஏறி, ஒன்றை ஒன்று அடிச்சுடும். கொஞ்சம் வித்தியாசம் இருந்தாலும் போதும், அடுத்தவர் பேசுறது நம்ம காதில் விழும். அதாவது கிராஸ்டாக். இங்கேயும் ஒரு கம்பி எவ்வளவு நல்லது என்பது கேள்வியே இல்லை. ரெண்டும் எவ்வளவு ஒத்துப்போகுது என்பதுதான் கேள்வி.

அவ்வளவு சின்ன வித்தியாசத்தை முதலில் அளக்கணுமே! சாதாரண பிரிட்ஜ் சர்க்யூட்டில் ரெண்டு கைகளிலும் ரெசிஸ்டர் இருக்கும். அந்த ரெசிஸ்டர்களில் ஒரு சதவீதம் தப்பு இருந்தால் அளவிலும் ஒரு சதவீதம் தப்பு. சூடு ஏறினால் மதிப்பு நகரும். அப்போ அளக்கிற கருவியையே யார் அளக்கிறது?

ப்ளம்லைன் ரெசிஸ்டரையே எடுத்துட்டார். அதுக்குப் பதிலா ஒரே கோரில், ஒன்றோடொன்று நெருக்கமாகச் சுற்றின ரெண்டு காயிலைப் பிரிட்ஜின் கைகளாக வைத்தார். இப்போ விகிதத்தைத் தீர்மானிக்கிறது காயிலின் சுற்று எண்ணிக்கை. 100 சுற்று, 100 சுற்று என்றால் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. அந்த எண்ணிக்கை வெயிலிலும் குளிரிலும் மாறாது, பத்து வருஷம் கழிச்சும் மாறாது. 1928-ல் இதுக்கு பேடன்ட் போட்டார். டாலரன்ஸ் தொல்லை கொடுக்கும் பாகத்தை இன்னும் நல்ல பாகமா மாற்றப் பார்க்காமல், அது தேவையே இல்லாத மாதிரி சர்க்யூட்டை மாற்றினார். இந்தப் பழக்கம் அவரோட எல்லா வேலையிலும் தெரியும்.

சினிமா தியேட்டரில் ஒரு எரிச்சல்

1929-ல் கொலம்பியா கிராஃபோபோன் நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அவரோட மேலாளர் ஐசக் ஷோன்பெர்க். முதல் வேலையே சிக்கலானது. இசைத்தட்டு வெட்டும் முறைக்கு அமெரிக்காவில் வேறொருத்தர் பேடன்ட் வெச்சிருந்தாங்க, ஒவ்வொரு தட்டுக்கும் ராயல்டி போயிட்டிருந்தது. அந்த பேடன்டில் சிக்காத ஒரு கட்டர் வேணும். ஹெர்பர்ட் ஹோல்மனோடு சேர்ந்து மூவிங் காயில் முறையில் ஒரு கட்டரைச் செய்து கொடுத்தார். 1931-ல் கொலம்பியாவும் கிராமபோன் கம்பெனியும் இணைந்து இ.எம்.ஐ. ஆச்சு.

அதே வருஷம் டொரீன் லேனோடு சினிமாவுக்குப் போயிருந்தார். ரெண்டு வருஷம் கழித்து அவரைத்தான் கல்யாணம் பண்ணிக்கிட்டார். பேசும் படம் அப்போதான் புதுசு. திரையில் ஆள் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்கு நடக்கிறார், குரல் மட்டும் ஒரே இடத்திலேயே நிக்குது. நாமளா இருந்தா பாப்கார்ன் சாப்பிட்டுட்டு விட்டிருப்போம். இவருக்கு அது பொறுக்கலை. ஆள் போகும் பக்கம் குரலும் போக வைக்க தன்னிடம் வழி இருக்குன்னு டொரீனிடம் சொன்னார்.

1931 டிசம்பர் 14 அன்று பேடன்ட் விண்ணப்பம் போனது. மொத்தம் 70 உரிமைக்கோரிக்கைகள். எட்டு வடிவத்தில் ஒலி வாங்கும் ரெண்டு மைக்கை ஒரே இடத்தில், 90 டிகிரி திருப்பி வைப்பது அதில் ஒன்று. இன்னிக்கும் ரெக்கார்டிங் ஆட்கள் அதை ப்ளம்லைன் ஜோடின்னுதான் சொல்றாங்க. ஒரே பள்ளத்தின் ரெண்டு சுவர்களில், 45 டிகிரி சாய்வில், ரெண்டு சேனலையும் வெட்டும் முறையும் அதிலேயே இருந்தது. 1934-ல் அபே ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் நடத்தின மொசார்ட்டின் ஜுபிட்டர் சிம்பொனியை ஸ்டீரியோவில் பதிவு பண்ணினார்.

இங்கே நம்ம லேப் கதை திரும்ப வருது. ஸ்டீரியோவில் ஒலி எந்தப் பக்கம்னு காதுக்குச் சொல்றது ரெண்டு சேனலுக்கும் உள்ள வித்தியாசம். பாடகர் நடுவில் நிற்கிறார்னா ரெண்டு சேனலும் சமமா இருக்கணும். ஒரு சேனலில் மட்டும் ஒரு ரெசிஸ்டரால் வலிமை பத்து சதவீதம் கூடினால், கிட்டத்தட்ட 0.8 டெசிபல் வித்தியாசம் வரும். பாடகர் நகரவே இல்லை, ஆனா கேட்கிறவருக்கு அவர் கொஞ்சம் தள்ளி நிற்பார். ரெண்டு சேனலும் சேர்ந்து பத்து சதவீதம் கூடினால்? சத்தம் லேசா கூடும், பாடகர் நடுவிலேயே நிற்பார்.

ஸ்டீரியோ தட்டு கடைக்கு வந்தது 1950-களின் கடைசியில்தான். அதைக் கேட்க அவர் இல்லை.

நீளமான வால்

1930-களின் நடுவில் இ.எம்.ஐ.-யின் முழு கவனமும் தொலைக்காட்சி மேல். மார்க்கோனி-இ.எம்.ஐ. உருவாக்கின 405 வரி முறையில் 1936 நவம்பர் 2 அன்று பி.பி.சி. அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்த முறைக்குப் பின்னால் இருந்த முக்கியமான மூளைகளில் ப்ளம்லைனும் ஒருவர்.

படச் சிக்னலை ஜோடிக் கம்பியில் தூரத்திலிருந்து கொண்டுவந்தால் வழியில் இரைச்சல் ஏறும். ஆனா அந்த இரைச்சல் ரெண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறும். டெலிபோன் கேபிளில் பார்த்த அதே கதை. அப்படின்னா, ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பெருக்கி, பொதுவாக இருப்பதை ஒதுக்கும் சர்க்யூட் இருந்தால் போதும். ரெண்டு வால்வின் கேத்தோடுகளைச் சேர்த்துக் கட்டி, கீழே ஒரு பெரிய ரெசிஸ்டரைப் போட்டார். 1936-ல் பேடன்ட் விண்ணப்பம். நீளவால் ஜோடி, அதாவது லாங் டெயில்டு பேர்.

சீசாவை நினைச்சுக்கோங்க. பெரிய ரெசிஸ்டர் இருக்கிறதால மொத்தக் கரன்ட் கிட்டத்தட்ட மாறாது. ஒரு வால்வு அதிகம் எடுத்தால் இன்னொன்று குறைச்சுத்தான் ஆகணும். ரெண்டு கிரிட்டையும் சேர்த்துத் தூக்கினால் சீசாவின் நடுத்தண்டு மட்டும் மேலே போகும், பலகை சாயாது.

இதே சர்க்யூட்டைப் பின்னால் ஆடியோக்காரங்க தூக்கிட்டுப் போனாங்க. புஷ்-புல் வால்வு ஆம்பில் ரெண்டு பவர் வால்வுக்கும் எதிரெதிர் சிக்னல் வேணும். ஒரு கிரிட்டில் சிக்னல், இன்னொரு கிரிட்டை ஏ.சி.க்கு கிரவுண்டு பண்ணினால் ரெண்டு பிளேட்டிலும் எதிரெதிர் சிக்னல் கிடைக்கும்.

கிடைக்கும், ஆனா சரிசமமா கிடைக்காது. கொஞ்சம் கணக்கு போடலாம். ரெண்டு வால்வின் சிக்னல் கரன்டுக்கும் உள்ள வித்தியாசம், வால் ரெசிஸ்டரில் ஓடும் சிக்னல் கரன்ட். ரெண்டு பிளேட் ரெசிஸ்டரும் சமம்னு வைத்தால், ஏற்றத்தாழ்வு இவ்வளவு வரும்: பிளேட் ரெசிஸ்டரையும் வால்வின் உள் ரெசிஸ்டன்ஸையும் கூட்டி, அதை வால் ரெசிஸ்டர் பெருக்கல் மியூ கூட்டல் ஒன்றால் வகுக்கணும். ஈ.சி.சி.83 வால்வுக்கு மியூ 100, உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 62 கிலோ ஓம். பிளேட்டில் 100, வாலில் 10 கிலோ ஓம் போட்டால் 162-ஐ 1010-ஆல் வகுக்க, சுமார் 16 சதவீதம். சின்ன வால், பெரிய சாய்வு.

பழைய ஃபெண்டர் பாஸ்மேன் கிட்டார் ஆம்பின் சர்க்யூட்டைப் பார்த்தால் இந்த இடத்தில் ஒரு பக்கம் 82, இன்னொரு பக்கம் 100 கிலோ ஓம் இருக்கும். பிரிண்டிங் மிஸ்டேக் இல்லை, அந்தச் சாய்வை நேராக்கத்தான் வேணும்னே வித்தியாசமா போட்டது.

இப்போ அதே ரெசிஸ்டர்களை வெள்ளிப் பட்டையில், பத்து சதவீத டாலரன்ஸில் வாங்குறோம்னு வைங்க. 82 என்பது 90.2 வரை ஏறலாம். 100 என்பது 90 வரை இறங்கலாம். டிசைனர் யோசிச்சு வைத்த 18 கிலோ ஓம் வித்தியாசம் மொத்தமா காணாம போயிடும்! பட்டையைப் படித்தால் சரி, சர்க்யூட் டயக்ராமைப் பார்த்தால் சரி, ஆம்ப் மட்டும் சாய்ஞ்சிருக்கும். சாய்ஞ்சால் புஷ்-புல்லில் தானாக அடிபட வேண்டிய இரட்டைப்படை ஹார்மோனிக்ஸ் முழுசா அடிபடாமல் மிச்சம் நிற்கும்.

சரி, வாலை நீட்டலாம். பிளேட்டில் 180, வாலில் 82 கிலோ ஓம் போட்டால் ஏற்றத்தாழ்வு மூணு சதவீதமா இறங்கும். அருமை! ஆனா 180 கிலோ ஓம் தங்கப் பட்டையில் 171-ம் வரும், 189-ம் வரும். அதாவது சர்க்யூட் கொடுத்த மூணு சதவீதத்தைப் பெட்டியிலிருந்து கண்ணை மூடி எடுத்த ரெசிஸ்டர் பத்து சதவீதமா கெடுத்துடும். அதே பெட்டியில் இருபது ரெசிஸ்டரை அளந்து 174, 174 என்று ரெண்டை எடுத்தால்? குறிச்ச மதிப்பிலிருந்து மூணு சதவீதம் தப்பு, ஆனா பேலன்ஸ் கெடாது. ஜோடி சேர்க்கிறதுக்கு விலை உயர்ந்த ரெசிஸ்டர் வேண்டாம், ஒரு மல்டிமீட்டரும் அரைமணி நேரமும் போதும். அளந்து எடுத்த பிறகு ஒன்றைச் சூடான வால்வை ஒட்டியும் இன்னொன்றைத் தூரத்திலும் வைத்து சோல்டர் பண்ணிடாதீங்க. ரெண்டும் வெவ்வேறு சூட்டில் வெவ்வேறு மாதிரி நகரும்.

1937-ல் இன்னொரு பேடன்ட். பவர் வால்வின் ஸ்கிரீன் கிரிட்டை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் நடுவில் ஒரு டேப்பில் இணைப்பது. வால்வின் வளைவை வால்வே ஓரளவு சரி பண்ணிக்கும். 1951-ல் அமெரிக்காவில் ஹாஃப்லரும் கெரோஸும் இதை அல்ட்ரா-லீனியர்னு பிரபலமாக்கினாங்க. இங்கேயும் எங்கே டேப் எடுக்கணும் என்பது காயிலின் சுற்றுக் கணக்குதான்.

1942 ஜூன் 7

போர் வந்ததும் ப்ளம்லைன் ரேடார் வேலைக்குப் போனார். மேகத்துக்கு மேலே பறக்கும் விமானத்திலிருந்து கீழே உள்ள தரையைத் திரையில் காட்டும் ரேடார் அது, எச்.2.எஸ். என்று பேர். அவருக்கு விமானம் ஓட்டவும் தெரியும், லைசென்ஸ் வெச்சிருந்தார். மேஜையில் உட்கார்ந்து ரிப்போர்ட் படிக்கிற ஆள் இல்லை. கருவி பறக்கும்போது எப்படி நடந்துக்குதுன்னு நேரில் பார்க்கணும்.

1942 ஜூன் 7, ஞாயிற்றுக்கிழமை. டெஃபர்டு விமானதளத்திலிருந்து வி9977 என்ற ஹாலிஃபாக்ஸ் விமானம் சோதனைக்குக் கிளம்பியது. உள்ளே எச்.2.எஸ். கருவி. ப்ளம்லைனோடு இ.எம்.ஐ. சகாக்கள் செசில் பிரவுன், ஃபிராங்க் பிளைத்தன், விமானப்படையினர், மற்ற ஆய்வாளர்கள் என மொத்தம் 11 பேர். வலது ஓர இன்ஜினில் தீப்பிடித்தது. தீ இறக்கையைத் தின்றது. ஹெர்ஃபோர்டுஷையரில் வெல்ஷ் பிக்னார் கிராமத்துக்குப் பக்கத்தில் விமானம் விழுந்தது. ஒருத்தர்கூட பிழைக்கலை.

ரோல்ஸ்-ராய்ஸ் நிபுணர்கள் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தாங்க. காரணம் ஒரு டாப்பெட் நட். அன்றைக்குச் சில மணி நேரம் முன்னாடி இன்ஜினைச் சோதித்தபோது அதைச் சரியா இறுக்கலை. பறக்கப் பறக்க அது தளர்ந்தது. வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் இருக்க வேண்டிய சின்ன இடைவெளி பெரிசாச்சு. அடி வாங்கி வாங்கி வால்வின் தண்டு முறிஞ்சது. எரிபொருள் கலவை இன்லெட் பக்கமே பற்றிக்கிட்டது. நம்ம ஆம்ப் வால்வு இல்லைங்க, இன்ஜின் வால்வு. அதுக்கும் ஒரு டாலரன்ஸ் உண்டு.

இன்னும் மூணு வாரத்தில் 39 வயசு ஆகியிருக்கும். வீட்டில் டொரீனும் ரெண்டு சின்னப் பையன்களும். அவர் செய்த வேலை ரகசியம், அதனால் அவர் செத்த விதமும் ரகசியம். நாட்டின் முக்கியமான இன்ஜினியர் ஒருத்தர் போனதைப் போர் முடியும்வரை வெளியில் பெரிசா எழுத முடியலை. சிதைவிலிருந்து கருவியின் பாகங்களை எடுத்து வந்து, மிச்சம் இருந்தவங்க வேலையைத் தொடர்ந்தாங்க. 1943 ஜனவரியில் எச்.2.எஸ். களத்தில் இறங்கியது.

அங்கீகாரம் ரொம்ப லேட்டாத்தான் வந்தது. 2015-ல் அபே ரோடில் ஐ.இ.இ.இ. ஒரு மைல்கல் பலகை வைத்தது. 2017-ல் டெக்னிக்கல் கிராமி, அவர் போய் 75 வருஷம் கழித்து.

லேப் நோட்டுக்கு

இவரைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு விஷயம் உறுத்திட்டே இருக்கு. கம்பி, காயில், வால்வு, மைக்னு எதை எடுத்தாலும் அதுக்கு ஒரு ஜோடி வைத்து, ஒன்றின் குறையை இன்னொன்றால் அடிச்சார். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா போதும், தனியா ஒவ்வொன்றும் கச்சிதமா இருக்கணும்னு அவசியம் இல்லை. ஆனா அந்த நட்டுக்கு ஜோடி இல்லை. அதன் குறையை அடிக்க எதிர்ப்பக்கம் எதுவும் இல்லை. அந்த இடத்தில் ஒரு ஆள் ஸ்பேனரை எடுத்து இறுக்கி, இன்னொரு ஆள் பார்த்துக் கையெழுத்துப் போடணும், வேற வழி கிடையாது.

அடுத்த தடவை சர்க்யூட் போடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எந்தப் பாகத்துக்கு ஜோடி இருக்கு, எதுக்கு இல்லை? ஜோடி இருப்பதை மல்டிமீட்டரில் அளந்து ஒத்த மாதிரி எடுங்க. இல்லாததை ரெண்டு தடவை செக் பண்ணுங்க.

நாங்க அந்த எக்ஸ்பெரிமென்டை அடுத்த வாரம் திரும்பப் போட்டோம். பெட்டியிலிருந்து பதினைந்து ரெசிஸ்டரை அளந்ததில் 4.61, 4.61 என்று ரெண்டு மாட்டியது. அவுட்புட் அப்பவும் முழுப் பூஜ்யம் வரலை, டிரான்சிஸ்டரும் ஜோடி சேரணுமே! ஆனா போன வாரத்தைவிட ரொம்பக் குறைஞ்சிருந்தது. லேப் அண்ணா பார்த்துட்டு ரெக்கார்டில் டிக் போட்டார்.